பதிமூன்று வயதில் கேட்ட ஒரு சிரிப்பு

எனக்கு இப்போது 27 வயது. 13 வயதிலிருந்து 19 வரை நான் பட்ட பாட்டை இதுவரை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனுக்குப் பாதி தெரியும், அம்மாவுக்குக் கால்வாசி. போன மாதம் உறவுக்காரப் பெண் ஒருத்தி, வயது 14, “எனக்கு என்னைப் பிடிக்கவே இல்லக்கா, நான் எப்படிப்பட்டவள்னே தெரியல” என்றாள். எனக்குச் சட்டென்று நல்ல பதில் வரவில்லை. அன்று இரவு யோசித்தபோது, அவளுக்குச் சொல்ல வேண்டியது என் கதையிலேயே இருக்கிறது என்று தோன்றியது. அந்த ஆறு வருடத்தில் எனக்கு இரண்டு வருடப் படிப்பு போனது, சேமித்து வைத்திருந்த பணம் முழுவதும் போனது, ஒரு நல்ல தோழியும் போனாள். முன்கூட்டியே யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு மேடையில் ஆரம்பித்தது. பள்ளி விழாவில் நான்கு நிமிடம் பேச வேண்டும். இரண்டு தாளில் எழுதி, பத்து நாள் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியிருந்தேன். மேடை ஏறியதும் கை நடுங்கியது. கையைவிடத் தாள் அதிகம் நடுங்கியது. மைக்குக்குப் பக்கத்தில் பிடித்திருந்ததால் அந்தச் சரசரப்பு அரங்கம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரே ஒரு சிரிப்பு, இரண்டு விநாடி இருந்தால் அதிகம். நான் இரண்டாவது தாளைத் தொடாமலேயே நன்றி சொல்லிவிட்டு இறங்கிவந்தேன். யாரும் திட்டவில்லை. ஆசிரியர் தோளில் தட்டிக்கொடுத்தார். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே எனக்குள் ஒரு வாக்கியம் உறைந்துவிட்டது: “எனக்குப் பேச வராது.” அடுத்த ஆறு வருடம் அந்த வாக்கியத்தின்படிதான் வாழ்ந்தேன்.

வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்கமாட்டேன். நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில், சொல்லப்போவதை மனத்துக்குள் இரண்டு முறை ஒத்திகை பார்ப்பேன். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். இடைவேளையில் கூட்டமான தாழ்வாரத்தைத் தவிர்த்து மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போவேன். அதற்கு முன்னால் நான் இப்படி இல்லை. 11, 12 வயதில் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளை மாடிப்படியில் உட்காரவைத்து மணிக்கணக்காகக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். மேடைக்குப் பிறகு அதையும் நிறுத்திவிட்டேன். பேச வராதவளுக்குச் சொல்லிக்கொடுக்க என்ன தகுதி என்று நினைத்தேன். யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை, நானேதான் நிறுத்தினேன். இதை எழுதும்போது இன்றும் தொண்டை அடைக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் எனக்குப் பின்னால் கிடைத்த மிக எளிமையான உதவி இந்தக் கட்டத்துக்கு உரியது. மனத்தைச் சுட்ட ஒரு சம்பவம் நடந்தால், அன்றைக்கே ஒரு தாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இடதுபக்கம் ஒரு கேமரா அங்கே இருந்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அதை மட்டும் எழுதுங்கள். வலதுபக்கம் உங்கள் மனம் அதனுடன் சேர்த்ததை எழுதுங்கள். என் இடதுபக்கத்தில் “தாள் நடுங்கியது, ஒருவர் சிரித்தார், ஒரு தாளோடு முடித்தேன்” என்பதற்கு மேல் எதுவும் இருந்திருக்காது. “எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரும் பேசிக்கொள்வார்கள், எனக்குப் பேச வராது” என்பதெல்லாம் வலதுபக்கம். 13 வயதில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

15 வயதில் எனக்கு ஒரு நெருங்கிய தோழி கிடைத்தாள். கலகலப்பானவள். அவளைப் போலவே இருந்துவிட்டால் என் குறை தெரியாது என்று நினைத்தேன். அவள் கையெழுத்தில் எழுத்துகள் வலப்பக்கம் சாயும், என் எழுத்தும் சாய ஆரம்பித்தது. அவளுக்குப் பிடித்த பாட்டு எனக்கும் பிடித்தது. அவளுக்குப் பிடிக்காத ஆசிரியரை எனக்கும் பிடிக்கவில்லை. வீட்டில் ஒருத்தி, அவளோடு ஒருத்தி, வகுப்பில் ஒருத்தி என்று மூன்று பேராக இருந்தேன். இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறி நடப்பதில் தப்பில்லை, அந்த வயதில் அது எல்லாருக்கும் நடக்கிறது. என்னிடம் இருந்த சிக்கல் வேறு. மூன்று பேரில் யாருக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு கட்டத்தில் அவளே கேட்டாள்: “நீ என்ன நினைக்கிறன்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது. எதைக் கேட்டாலும் நான் சொன்னதையே திருப்பிச் சொல்ற.” அவள் கோபமாகச் சொல்லவில்லை, சலித்துப்போய்ச் சொன்னாள். அதற்கப்புறம் மெல்ல மெல்ல விலகிவிட்டாள். அவளைப் பிடித்துவைத்துக்கொள்ளத்தான் அவளைப் போல ஆனேன், அதனாலேயே அவளை இழந்தேன்.

இன்னொரு பக்கம் வீட்டிலும் பள்ளியிலும் எனக்கு ஒரு பெயர் இருந்தது: கெட்டிக்காரி. பேசாமல் படித்துக்கொண்டிருப்பவளுக்கு அந்தப் பெயர் சுலபமாகக் கிடைத்துவிடும். கேட்க இனிமையாக இருந்தது, ஆனால் உள்ளுக்குள் பயமும் சேர்ந்தே வளர்ந்தது. 16 வயதில் ஒரு கணக்குத் தேர்வில் மோசமான மதிப்பெண் வந்தபோது, விடைத்தாளைப் பழைய நிலப்படப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து, வீட்டில் பொய்யாக ஒரு எண்ணைச் சொன்னேன். நான் மட்டும்தான் இவ்வளவு கேவலமானவள் என்று நினைத்து அழுதேன். ரொம்ப நாள் கழித்து ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் என்ற இருவர் 1998-இல் வெளியிட்டது. சில பிள்ளைகளை “நீ புத்திசாலி” என்று பாராட்டினார்கள், சிலரை “நன்றாக முயற்சி செய்தாய்” என்று பாராட்டினார்கள். பிறகு எல்லாருக்கும் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். புத்திசாலி என்ற பெயர் வாங்கிய பிள்ளைகள்தான் அதிகம் சோர்ந்துபோனார்கள், எளிதானதையே தேடினார்கள், தங்கள் மதிப்பெண்ணை மற்ற பிள்ளைகளிடம் கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். படித்துவிட்டு நிலப்படப் புத்தகத்தை நினைத்துக்கொண்டேன். உங்களுக்கும் இப்படி ஒரு பெயர் இருந்தால் (அமைதியானவன், பொறுப்பானவள், சேட்டைக்காரன், எதுவானாலும் சரி) ஒன்றைக் கேட்டுப்பாருங்கள்: இந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காக நான் எதை ஒளித்துவைக்கிறேன்? எனக்கு அன்று அந்தக் கேள்வி தெரிந்திருந்தால், ஒரு விடைத்தாள் ஒரு விடைத்தாளாகவே இருந்திருக்கும்.

17 வயதில் மேல்படிப்பு. இதைத்தான் நான் அதிகம் நொந்துகொள்கிறேன். கணினிப் பொறியியல் என்று விண்ணப்பத்தில் எழுதியது ஒரு மத்தியான வேளையில், வகுப்பில் ஆறேழு பேர் சுற்றி நிற்க. எல்லாரும் அதையே எழுதினார்கள், அப்பாவும் அதைத்தான் விரும்பினார், கெட்டிக்காரிகள் அதைத்தான் படிப்பார்கள் என்று நானும் நம்பினேன். யோசிக்க மூன்று வாரம் அவகாசம் இருந்தது. நான் எடுத்துக்கொண்டது பத்து நிமிடம். கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் ஒரு கார் ஓட்டும் விளையாட்டை வைத்துப் பரிசோதித்தார்கள். 13 முதல் 16 வயதுள்ளவர்கள் தனியாக விளையாடும்போது எடுத்த ஆபத்தைவிட, கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்த ஆபத்து மிக அதிகம். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் தென்படவில்லை. கார் விளையாட்டும் விண்ணப்பப் படிவமும் ஒன்றில்லைதான். ஆனாலும் நான் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பெரிய முடிவு எதையும் கூட்டத்துக்கு நடுவில் எடுப்பதில்லை. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் காலையில் தனியாக உட்கார்ந்துதான் எழுதுவேன்.

அன்று நான் இருந்த நிலைக்கு உளவியலில் ஒரு பெயரே இருக்கிறது. தான் யார் என்ற கேள்விதான் பதின்பருவத்தின் மையமான வேலை என்று எரிக் எரிக்சன் சொன்னார். அதைத் தொடர்ந்து ஜேம்ஸ் மார்சியா 1966-இல் நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டினார். தேடவும் இல்லை, முடிவும் இல்லை என்பது ஒன்று. தேடாமலேயே முடிவெடுத்துவிடுவது இரண்டாவது. தேடிக்கொண்டே இருப்பது மூன்றாவது. தேடிப் பார்த்து முடிவுக்கு வருவது நான்காவது. நான் இரண்டாவது நிலையில் இருந்தேன். அதில் உள்ள ஆபத்து என்னவென்றால், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். தேடித் தடுமாறும் பிள்ளையைப் பார்த்துதான் வீட்டில் கவலைப்படுவார்கள். அடுத்தவர் முடிவை அப்படியே வாங்கி வைத்துக்கொண்ட பிள்ளையைப் பார்த்து, தெளிவான பிள்ளை என்று நிம்மதி அடைவார்கள். நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள என்னிடம் ஒரு சின்ன வழி இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக நினைத்தால், அதற்காக எந்த இரண்டு வேறு வழிகளை, என்ன காரணத்துக்காக ஒதுக்கினீர்கள் என்று எழுதிப்பாருங்கள். எழுத ஒன்றும் வரவில்லை என்றால், இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள்.

கல்லூரியில் முதல் ஆண்டு தள்ளாடிக் கடந்தது. நிரல் எழுதுவது எனக்கு வராமல் இல்லை, ஆனால் பக்கத்தில் இருப்பவள் கண்கள் விரிய அதைப் பேசும்போது எனக்குள் ஒன்றும் அசையவில்லை. என்னிடம்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன். உடனே இணையத்தில் தேட ஆரம்பித்தேன். ஆளுமைத் தேர்வுகள், நீங்கள் எந்த வகை மனிதர், உங்கள் மறைந்திருக்கும் பலம் என்ன என்று ஒன்று விடாமல் எழுதினேன். இலவச முடிவு இரண்டு பக்கம் வரும், முழு அறிக்கைக்குப் பணம் கட்டச் சொல்வார்கள். கட்டினேன். “நீங்கள் வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமானவர், உங்கள் திறமையை இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை” என்று வரும். என்னையே படம்பிடித்தது போல இருக்கும், அழுகை வரும். இரண்டு நாளில் எல்லாம் பழைய நிலைக்கே வந்துவிடும். அப்புறம் தன்னம்பிக்கை வளர்க்கும் பன்னிரண்டு வாரப் பயிற்சி ஒன்று. சேமிப்பு போதாமல், புத்தகம் வாங்க என்று பொய் சொல்லி அண்ணனிடம் கடன் வாங்கிக் கட்டினேன். மூன்றாவது வாரத்துக்கு மேல் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பணம் போன பிறகு தெரிந்துகொண்டதை உங்களுக்கு இலவசமாகச் சொல்கிறேன். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் “இதுதான் உன்னைப் பற்றிய முடிவு” என்று தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள், ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து பொறுக்கிய வரிகள். நான் பணம் கட்டி வாங்கிய அறிக்கையைத் திரும்ப எடுத்து, என் பெயர் இருந்த இடத்தில் அண்ணன் பெயரை வைத்துப் படித்தேன். முக்கால்வாசி அவனுக்கும் பொருந்தியது. அப்பா பெயரை வைத்தேன், அதுவும் பொருந்தியது. பணம் கட்டும் முன் இதைச் செய்யுங்கள்: இலவசமாகக் காட்டும் வரிகளை உங்களுக்கு நேர்மாறான ஒருவரின் பெயரில் படித்துப்பாருங்கள். எல்லாத் தேர்வும் பொய் என்று சொல்லவில்லை. தேர்ச்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, உங்கள் ஆர்வங்களைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்க ஒரு வினாத்தாளைப் பயன்படுத்தினால் அதில் பலன் உண்டு. ஆனால் நீங்கள் யார் என்பதை ஒரு தாள் வந்து சொல்லிவிடும் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன்.

18 வயதில் தூக்கம் போனது. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கிடப்பேன், காலை வகுப்பில் கண் சொருகும். அந்த வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் தாமதமாகத்தான் சுரக்கிறது என்று அப்போது தெரியாது. சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொள்வேன். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. நான் ஐந்து மணி நேரம் தூங்கினால் அதிகம். அந்த அரைத் தூக்கத்தில்தான் என்னைப் பற்றிய எல்லாத் தீர்ப்புகளையும் எழுதினேன். நள்ளிரவில் உங்களைப் பற்றி உங்கள் மனம் சொல்லும் எதையும் தயவுசெய்து முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாளில் எழுதி மூடிவையுங்கள், காலையில் படியுங்கள். காலையிலும் உண்மையாகத் தெரிந்தால் அதைப் பற்றி யாரிடமாவது பேசுங்கள்.

இரண்டாம் ஆண்டு முடியும் சமயம் மூன்று வாரம் நான் வகுப்புக்கே போகவில்லை. குளிக்கவும் தோன்றவில்லை. ஓர் இரவு, நான் இல்லாமல் போனாலும் யாருக்கும் ஒன்றும் குறையாது என்ற எண்ணம் வந்தது. அது வந்தபோது பயமாகக்கூட இல்லை, அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது. அண்ணனுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினேன்: “அண்ணா, தூங்கிட்டியா?” ஒரு நிமிடத்துக்குள் போன் வந்தது. “என்னம்மா, சொல்லு” என்றான். என்னால் பேச முடியவில்லை. “சரி, பேச வேணாம். நான் லைன்லயே இருக்கேன்” என்றான். நாற்பது நிமிடம் அப்படியே இருந்தோம். விடிந்ததும் கிளம்பி வந்து, என்னை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனான். கடன் வாங்கிய பொய்யைச் சொன்னேன். “அது எனக்கு அப்பவே தெரியும்” என்று மட்டும் சொன்னான்.

மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே, பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே “இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தான்” என்று யாராவது சொன்னால், எல்லாவற்றுக்கும் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சோகம் விலகாமல் இருந்தாலோ, தூக்கமும் பசியும் மாறிப்போனாலோ, முன்பு பிடித்தது எதுவுமே பிடிக்காமல் போனாலோ ஒரு மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அந்த நாளே நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். ஒருவர் சரியாகக் கேட்கவில்லை என்றால் அடுத்தவரிடம் சொல்லுங்கள். அழகாக விளக்கத் தேவையில்லை. “தூங்கிட்டியா?” என்று கேட்டாலே போதும்.

மருத்துவர் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். அவர் என்னை நான் நினைத்தது போலக் குடையவில்லை. “நான் ஏன் இப்படி இருக்கிறேன்?” என்று ஆரம்பித்தாலே கையைக் காட்டி நிறுத்துவார். “ஏன் என்று கேட்டால் மனம் ஒரு கதை சொல்லும். எப்போது, எங்கே, யாரோடு, என்ன செய்தபோது, அதைச் சொல்லுங்கள்” என்பார். அவர் சொன்னபடி ஒரு குறிப்பேடு வாங்கி, தினமும் தூங்கும் முன் இரண்டே வரி எழுதினேன். இன்று எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை? எந்த வேலையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்? என் உணர்ச்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது, நடந்ததை மட்டும் எழுத வேண்டும். நான் முன்பும் நாட்குறிப்பு எழுதியவள்தான், ஆனால் அதில் ஒரே புலம்பலை வெவ்வேறு தேதியில் திரும்பத் திரும்ப எழுதியிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவர் முன்னால் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினோம். நேரம் போனது தெரியாத நாட்கள் ஐந்து இருந்தன. ஒருநாள் அறைத்தோழிக்குப் புள்ளியியல் விளக்கினேன். ஒருநாள் கீழ்வீட்டுப் பையனுக்குப் பின்னக் கணக்கு. ஒருநாள் அம்மாவுக்குப் புதிய போனைப் பழக்கினேன். மற்ற இரண்டும் இதே மாதிரிதான். ஐந்திலும் நான் யாருக்கோ எதையோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பேச வராது என்று ஆறு வருடம் நம்பியவள், மகிழ்ச்சியாக இருந்த ஐந்து நாளும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பென்சிலால் ஐந்தையும் வட்டமிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார். மாடிப்படி ஞாபகம் வந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

அந்த வருடத்தில்தான் பழைய பள்ளித் தோழி ஒருத்தியைத் தற்செயலாகச் சந்தித்தேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அந்த மேடையைப் பற்றிக் கேட்டேன். “நீ பேசினியா? எந்த வருஷம்?” என்றாள். நான் விழா நாளைச் சொன்னதும், “ஐயோ, அந்த நாளா! என் செருப்பு வார் அறுந்துபோச்சு. யாராவது பார்த்துடுவாங்கன்னு விழா முடியற வரைக்கும் காலை நாற்காலிக்கு அடியிலேயே மடக்கி வெச்சுக்கிட்டு இருந்தேன்” என்றாள். ஒரே அரங்கம், ஒரே நாள். நான் அவள் பார்வைக்குப் பயந்தேன், அவள் என் பார்வைக்குப் பயந்திருக்கிறாள். டேவிட் எல்கைண்ட் என்பவர் 1967-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்: கற்பனைப் பார்வையாளர்கள். எல்லாரும் எந்நேரமும் தன்னையே கவனிக்கிறார்கள் என்று வளரிளம் பருவத்தில் தோன்றும். அதற்கப்புறமும் அது முழுதாகப் போய்விடுவதில்லை. 2000-இல் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் கல்லூரி மாணவர்களைச் சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டை அணிந்து ஓர் அறைக்குள் போகச் சொன்னார்கள். அறையில் இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிதான். உங்களையும் இப்படி ஒரு காட்சி துரத்தினால், அங்கே இருந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்பது கஷ்டம்தான், ஆனால் கேட்காமல் இருந்ததற்கு நான் ஆறு வருடம் கொடுத்தேன்.

உடனே படிப்பை விட்டுவிடவில்லை. விடத் துடித்தேன், உளவியலாளர்தான் பிடித்து நிறுத்தினார். “ஒரு நம்பிக்கையை விட்டு இன்னொரு நம்பிக்கைக்குத் தாவாதீர்கள், முதலில் தொட்டுப்பாருங்கள்” என்றார். ஒரு நூலகத்தில் சனிக்கிழமைகளில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க எட்டு வாரம் ஒப்புக்கொண்டேன். பிடித்ததை மட்டும் எழுதாமல் சலிப்பூட்டியதையும் எழுதினேன். பயிற்சித் தாள் திருத்துவது எனக்குப் பிடிக்காது, சத்தம் தலைவலி தரும், ஒரே கேள்வியை ஏழாவது முறை கேட்கும் பிள்ளையிடம் பொறுமை போய்விடும். அப்படியும் ஒன்பதாவது சனிக்கிழமை போகவேண்டும் என்று தோன்றியது. ஒன்றைப் பரிசோதிக்கும்போது அதன் அலுப்பான பகுதியையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். இனிப்பான பகுதியை மட்டும் பார்த்தால் எல்லா வேலையும் நமக்கென்றே பிறந்தது போலத் தெரியும்.

அப்பாவிடம் சொன்ன நாள் கஷ்டமான நாள். முன்பெல்லாம் அழுகையோடு போய் அழுகையோடு திரும்புவேன். இந்த முறை குறிப்பேட்டையும் எட்டு வாரக் குறிப்புகளையும் கொண்டுபோனேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ரொம்ப நேரம் கழித்து, “ரெண்டு வருஷம் போயிடுச்சேம்மா” என்றார். “ஆமாப்பா” என்றேன். வேறு பதில் இல்லை. “சரி, இந்தப் பருவத்தை முடிச்சுட்டு மாறிக்க” என்றார். அந்த அறிவுரையைக் கேட்டிருக்கலாம். நான் அவசரப்பட்டு நடுவிலேயே விலகினேன். முடித்திருந்தால் இரண்டு பாடங்கள் புதிய படிப்புக்குக் கணக்காகியிருக்கும் என்று பின்னால்தான் தெரிந்தது. பாடப்பிரிவு மாறப்போகிறவர்கள் விலகல் கடிதம் கொடுக்கும் முன், எந்தப் பாடங்கள் கூடவே வரும் என்று விட்டுப்போகும் இடத்திலும் சேரப்போகும் இடத்திலும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பெற்றோர் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று. எதிரே உட்காரவைத்து “என்ன பிரச்சினை உனக்கு?” என்று கேட்டபோதெல்லாம் நான் வாயே திறந்ததில்லை. அம்மாவோடு துணி மடித்துக்கொண்டிருந்தபோது, முகம் பார்க்காமல், தானாக நிறையச் சொல்லியிருக்கிறேன். அவர் “ம்” என்பதைத் தவிர ஒன்றும் சொல்லமாட்டார். அந்த “ம்” எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

இப்போது நான் கணக்கு ஆசிரியை. ஒவ்வொரு ஆண்டும் புது வகுப்பின் முதல் நாள் இன்றும் கை நடுங்கும். அதனால் தாளைக் கையில் பிடிப்பதில்லை, கிளிப் வைத்த அட்டையில் செருகிக்கொள்கிறேன், சரசரப்பு கேட்காது. மேடையேறப் போகிற பிள்ளைகளுக்கும் அதே மாதிரி ஓர் அட்டையைக் கொடுத்தனுப்புவேன். பாடம் நடக்கும்போது பின்வரிசையில் யாராவது சிரித்தால் இப்போது நிமிர்ந்து பார்க்கிறேன். பெரும்பாலும் அவர்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.